65 வரை பறந்தால் யாருடைய ஐந்து வருடம் போகிறது?

கேள்வி, 2025 அக்டோபர் 6

டெல்லியில் கோ-பைலட்டாக இருக்கிறேன், வயது 31. ஆகஸ்டில் ஏர் இந்தியா தன் விமானிகளின் ஓய்வு வயதை 65 என்று அறிவித்தது. எங்கள் நிறுவனத்திலும் அதே பேச்சு ஓடுகிறது. முன்னால் இருப்பவர்கள் ஓய்வு பெற்று எழுந்தால்தான் எங்களுக்குக் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, கிடைக்கும். இது எங்கள் வயிற்றில் அடிப்பதுதானே? யாராவது கணக்கோடு பதில் சொல்லுங்கள்.

2025 அக்டோபர் 6, இரவு

தம்பி, நான் விமானி இல்லை. பெங்களூரில் ஒரு விமான நிறுவனத்தின் ரோஸ்டர் பிரிவில் 28 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். எந்தக் கேப்டன் எந்தக் கோ-பைலட்டோடு எந்த விமானத்தில் போக வேண்டும் என்று தினமும் எழுதியதும், சீனியாரிட்டி பட்டியலை வருடா வருடம் திருத்தியதும் இந்தக் கைதான். என் மகளும் இப்போது கோ-பைலட், தோளில் மூன்று பட்டை. அதனால் உங்கள் கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வியும்கூட.

எங்கள் நிறுவனத்தில் 65 வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அந்த வருடமும் அடுத்த வருடமும் ஓய்வு பெற வேண்டிய பதினோரு கேப்டன்களின் பெயருக்கு எதிரே சிவப்புப் பென்சிலில் தேதி போட்டு வைத்திருந்தேன். ஒரே மதியத்தில் பதினோரு தேதியையும் அழித்தேன். மாலையில் ஒரு கோ-பைலட் என் மேசைக்கு வந்தார். பட்டியலில் அவர் நான்காவது. அழித்த தடத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ஆக, நீங்கள் சொல்வது சரி. முதல் பந்தி எழாவிட்டால் இரண்டாம் பந்திக்கு இலை போட முடியாது. அவர்கள் கூடுதலாகப் பறக்கும் ஐந்து வருடம் உங்களிடமிருந்து எடுத்ததுதான்.

2025 அக்டோபர் 7

கணக்கு கேட்டீர்கள். ஒரு நிறுவனத்தில் 100 கேப்டன்கள் என்று வைத்துக்கொள்வோம். 35 வயதில் கமாண்ட், 60இல் ஓய்வு. 25 வருடத்தில் 100 பேர் என்றால் வருடத்துக்கு நான்கு பேர் எழுவார்கள், நான்கு கோ-பைலட்டுகள் கேப்டனின் இடது இருக்கைக்குப் போவார்கள். ஓய்வு வயது 65 ஆனால் ஐந்து வருடம் யாரும் எழ மாட்டார்கள். ஐந்து நான்கு இருபது கமாண்ட் வராது.

அதுவும் நேர்க்கோடாக நிற்பதில்லை. பெரிய விமானத்தின் கேப்டன் ஒருவர் ஓய்வு பெற்றால் சின்ன விமானக் கேப்டன் ஒருவர் அந்த இடத்துக்கு ஏறுவார். அவர் விட்ட இடத்துக்கு ஒரு கோ-பைலட், அந்தக் கோ-பைலட் இடத்துக்குப் புது ஆள். ஒரு பிரிவு உபசார விழாவுக்குப் பின்னால் மூன்று பேருக்குச் சம்பளம் ஏறும், அல்லது வேலை கிடைக்கும். விழா நடக்காவிட்டால் மூன்றும் நிற்கும்.

2025 அக்டோபர் 7, இரவு

மும்பையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "உங்கள் கணக்கில் விமானங்களே கூடவில்லையே?" சரியான கேள்வி. நான் அதை விட்டுவிட்டேன்.

ஏர்பஸ் 320 ஒன்று புதிதாக வந்தால் அதை ஓட்ட ஐந்தாறு ஜோடி விமானிகள் வேண்டும். நான்கு விமானம் வந்தாலே நான் சொன்ன இருபது கமாண்டும் வந்துவிடும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் சொன்னது, ஜூனில் இண்டிகோ 500க்குச் சொன்னது. அவை சொன்ன நேரத்தில் வந்துகொண்டிருக்கும்வரை ஓய்வு வயதின் பாரம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. விமானம் வருவது தாமதமானால், அல்லது எஞ்சின் கோளாறில் இருக்கிற விமானங்களே தரையில் நின்றால், அன்றைக்குத் தெரியும்.

2025 அக்டோபர் 9

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கே பலர் இரண்டு வயதைப் போட்டுக் குழப்புகிறார்கள்.

65 என்பது உரிமத்தின் எல்லை. அதற்கு மேல் பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது, அது அரசு விதி. 58, 60 என்பதெல்லாம் நிறுவனம் தன் வேலை ஒப்பந்தத்தில் வைக்கும் வயது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் எல்லா மனக்கசப்பும் பிறக்கிறது. ஏனென்றால் 58இல் ஓய்வு கொடுத்து கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாம் தீர்த்துவிட்டு, மறுநாளே அதே ஆளை ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். வருடா வருடம் புதுப்பிப்பார்கள். அவருக்கு அதே விமானம், அதே இருக்கைதான். ஆனால் சீனியாரிட்டி பட்டியலில் பெயர் இருக்காது.

கோ-பைலட் பட்டியலைப் பார்த்து "எனக்கு முன்னால் பதினான்கு பேர்தான்" என்று எண்ணிக்கொண்டிருப்பார். பட்டியலில் இல்லாத ஒன்பது பேர் இடது இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும் என்று நான் பலருக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். தம்பி, நீங்களும் அப்படியே எண்ணுங்கள்.

ஒப்பந்தக் கேப்டன் பக்கமும் நியாயம் உண்டு. லீவுக்கும் பெரிய விமானத்துக்கும் கடைசியில் நிற்பார். புதுப்பிக்கிற மாதம் வந்தால் நாற்பது வருடம் பறந்தவர் புதுப் பையனைப்போல எங்கள் அலுவலக வாசலில் காத்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பிடித்ததே இல்லை.

2025 அக்டோபர் 11

60 தாண்டிய இருவரை ஒரே காக்பிட்டில் போடக்கூடாது என்று ஒரு விதி இருந்ததே என்று கேட்டவருக்கு: ஆமாம், இருந்தது. 2006 நவம்பரில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐகாவோ, எல்லையை 65 ஆக்கியபோது கூடவே அந்த நிபந்தனையை வைத்தது. வெளிநாட்டுப் பயணத்தில் ஒருவர் 60 தாண்டியிருந்தால் மற்றவர் 60க்குள் இருக்க வேண்டும். 2014 நவம்பரில்தான் அதை எடுத்தார்கள்.

அந்த எட்டு வருடம் எங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். சிங்கப்பூர் விமானத்துக்கு இருவரை எழுதுவேன். கடைசி நேரத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று போன் வரும். மாற்று ஆளாக ஸ்டாண்ட்பையில் இருப்பவருக்கு 61, மீதி இருப்பவருக்கும் 62. இருவரும் நல்ல விமானிகள், தயாராக நிற்கிறார்கள், ஆனாலும் அனுப்ப முடியாது. இளைய கேப்டன் ஒருவரை வாராந்திர ஓய்வு முடிந்த கையோடு கூப்பிட வேண்டும். சம்பளத்தில் அதன் விளைவு நுணுக்கமானது. 60 தாண்டியவருக்கு வெளிநாட்டு நேரம் குறைந்தது, இளையவருக்குக் கூடியது, கூடவே அவருடைய வீட்டு நாட்களும் போயின. இளைய கேப்டன் ஒருவரின் மனைவி ஒருமுறை எனக்கே போன் செய்து, "அண்ணா, உங்க ரோஸ்டர்ல இவருக்கு மட்டும்தான் வயசு கம்மியா?" என்று கேட்டார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

2025 அக்டோபர் 11

மெடிக்கல், அதாவது விமானிகளின் உடல் தகுதிப் பரிசோதனை: 60க்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

2025 அக்டோபர் 13

மேலே ஒரு வரியில் முடித்தது தப்பு. மெடிக்கலைச் சேர்க்காமல் சம்பளம் பேச முடியாது.

பழைய ஏர்போர்ட் ரோட்டில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையம் இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் விமானிகள் பரிசோதனைக்கு வருவார்கள். எங்கள் கேப்டன்கள் முந்தின நாள் முருகேஷ்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போவதுண்டு. சர்க்கரை போடலாமா என்று என் மனைவி கேட்டால், "நாளைக்கு ரத்தம் எடுக்கிறாங்கம்மா, வேண்டாம்" என்பார்கள். பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த மனிதர், ஆயிரக்கணக்கான பேரைப் பத்திரமாக இறக்கியவர், ட்ரெட்மில்லை நினைத்துப் பயப்படுவார்.

"தற்காலிகத் தகுதியின்மை" என்று எழுதிவிட்டால் அன்றிலிருந்து பறக்கும் நேரத்துக்கான பணம் நிற்கும். விமானியின் வருமானத்தில் பெரிய பகுதி அந்தப் பணம்தான். அதனால்தான் மாதத்துக்கு எத்தனை மணி நேரத்துக்கு உத்தரவாதம் என்பதில் அவ்வளவு சண்டை. 2024இல் விஸ்தாரா விமானிகள் கொதித்தது அதற்காகத்தான்: 70 மணி நேரத்துக்கு இருந்த உத்தரவாதம் 40க்கு இறங்கியது. பறந்தால் மீதியைச் சம்பாதிக்கலாம், பறக்க முடியாத மாதத்தில் 40 மணி நேரத்தோடு நிற்க வேண்டியதுதான். இதை 30 வயதுக்காரர் தாங்குவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் முன் நிற்கும் 62 வயதுக்காரர் தாங்குவதும் ஒன்றல்ல.

2025 அக்டோபர் 15

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் இந்தக் கதை பழையது. 60 வயது விதி 1959இல் எழுதப்பட்டு 1960இல் நடைமுறைக்கு வந்தது. ஏறக்குறைய 48 வருடம் அசையவில்லை. 2007 டிசம்பர் 13 அன்று ஜனாதிபதி கையெழுத்திட்டதும் 65 ஆனது, அன்றைக்கே அமலுக்கும் வந்தது.

டிசம்பர் 12 அன்று 60 முடித்தவரை நினைத்துப் பாருங்கள். ஒருநாள் வித்தியாசத்தில் அவர் வெளியே. திரும்பி வரலாம், ஆனால் புது ஆளாகத்தான் வரவேண்டும், பழைய சீனியாரிட்டி கிடையாது. முப்பது வருட எண் போய் பட்டியலின் அடியில் நிற்க வேண்டும். 14ஆம் தேதி 60 முடித்தவருக்கு அதே எண், அதே பெரிய விமானம், உச்சச் சம்பளத்தில் இன்னும் ஐந்து வருடம்.

உள்ளே இருந்த கோ-பைலட்டுகளுக்கு வேறு அடி விழுந்தது. அடுத்த வருடமே 2008 பொருளாதார வீழ்ச்சி. விமானம் கூடவில்லை, ஓய்வும் இல்லை. நான் முதலில் போட்ட கணக்கு, அதாவது வளராத நிறுவனத்தின் கணக்கு, அங்கே அப்படியே நடந்தது.

ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய சல்லன்பெர்கருக்கு 2009 ஜனவரியில் 57 வயது. அடுத்த மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அவர் பேசியது பலருக்குத் தெரியாது. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, ஓய்வூதியம் ரத்தானது என்று சொன்னார். ஏன் சிலர் 65 வரை பறக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்தச் சாட்சியத்தில் பதில் இருக்கிறது. பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஓய்வுக்காலத்துக்கு என்று நம்பியிருந்த பணம் கரைந்துபோனவர்கள் அவர்கள்.

2025 அக்டோபர் 20, தீபாவளி

மகள் இன்று காலைதான் வந்தாள். நேற்று இரவு கடைசி விமானம் அவளுக்கு. தீபாவளி லீவு எங்கள் காலத்திலும் சீனியாரிட்டிப்படிதான், இன்னும் அப்படித்தான். சீனியாரிட்டி என்றால் சம்பளம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்லி வைக்கிறேன். எந்த நாளில் வீட்டில் இருப்பாய், அதிகாலை மூன்று மணி ரிப்போர்ட்டிங் யாருக்கு, பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போக முடியுமா, எல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, இட்லிக்கு உட்கார்ந்ததும் இந்த இழையைக் காட்டினேன். முதல் நாள் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அப்பா, இது தப்பு" என்றாள்.

"அவங்க அஞ்சு வருஷம் கூடுதலா பறந்தா, நானும் 65 வரைக்கும் பறப்பேன். முன்னாடி போனது பின்னாடி வந்துடும். எடுத்தாங்கன்னு எப்படி எழுதுவீங்க?"

அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. இட்லி ஆறிப்போனதுதான் மிச்சம்.

2025 அக்டோபர் 20, பிற்பகல்

பென்சிலை எடுத்து மறுபடி போட்டேன்.

அதே 100 இருக்கைகள், வளராத நிறுவனம். முன்பு 35இல் கமாண்ட், 60இல் ஓய்வு, 25 வருடம் கேப்டன். இப்போது 40இல் கமாண்ட், 65இல் ஓய்வு. அதுவும் 25 வருடம்தான்! இருக்கைகள் கூடவில்லை, வருடத்துக்கு நான்கு பேர்தான் உட்கார முடியும் என்பதால் வேறு விடை வராது. மகளின் பேச்சில் பாதி உண்மை. கேப்டனாக இருக்கும் வருடங்கள் குறையவில்லை.

ஆனால் மீதிப் பாதியும் உண்டு. கூடுதலாகக் கிடைத்த ஐந்து வருடம் கோ-பைலட் சம்பளத்தில் கிடைக்கிறது. ஏற்கெனவே கேப்டனாக இருப்பவருக்கு மட்டும் அந்த ஐந்து வருடம் கேப்டன் சம்பளத்தில் கிடைக்கிறது. 25 அவருக்கு 30 ஆகிறது. விதி மாறுகிற நாளில் நீ எந்த இருக்கையில் இருக்கிறாய் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எனவே 6ஆம் தேதி நான் எழுதிய "உங்களிடமிருந்து எடுத்தது" என்பதைத் திருத்துகிறேன். எடுக்கவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்கள். தள்ளி வைத்த பணம் கைக்கு வருமா என்பது வேறு கேள்வி.

2025 அக்டோபர் 22

வருமா? நம் ஊரில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

64 வயதில் வரும் பணத்துக்கு இரண்டு நிபந்தனை. உடம்பு இருக்க வேண்டும், நிறுவனமும் இருக்க வேண்டும். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. சீனியாரிட்டி எண் ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் செல்லும் நாணயம். வெளியே அதற்கு மதிப்பே இல்லை. மூடிய நிறுவனத்தில் மூன்றாவது எண் வைத்திருந்தவர் புது நிறுவனத்தில் நேற்று சேர்ந்தவருக்குக் கீழே எழுதப்படுவார். அப்படி மூன்று முறை அடியிலிருந்து தொடங்கிய ஒருவருக்கு நானே ரோஸ்டர் போட்டிருக்கிறேன். கமாண்ட் இருந்தது, பறந்த மணி நேரமும் இருந்தது. ஆனாலும் லீவு கேட்டால் கடைசி, பெரிய விமானம் கேட்டால் கடைசி. ஐம்பத்தாறு வயதில் அவர் நள்ளிரவு விமானம் போய்க்கொண்டிருந்தார்.

இணைப்பு நடந்தாலும் இதே பாடுதான். 2007இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். 2011இல் ஒரு பக்கத்து விமானிகள் சம்பளச் சமத்துவம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012இல் மறுபக்கம், போயிங் 787 பயிற்சி யாருக்கு என்று இரண்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட நின்றது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது. உள்ளே அது வரிசைச் சண்டை. இரண்டு பந்தியை ஒரே பந்தியாக்கும்போது யார் யாருக்கு அடுத்து உட்காருவது?

ஆகவே இளமையில் வரும் கேப்டன் சம்பளத்துக்கும் முதுமையில் வரும் கேப்டன் சம்பளத்துக்கும் தொகை ஒன்றாக இருக்கலாம், மதிப்பு ஒன்றல்ல. பயிற்சிக் கடனின் வட்டி 30 வயதில்தான் ஓடுகிறது. வீட்டுக் கடனும் அப்போதுதான்.

2025 அக்டோபர் 23

மகள் ஊருக்குத் திரும்பும் முன் ஒன்று சொன்னாள், அதையும் பதிவு செய்கிறேன். சில நிறுவனங்களில் கமாண்டுக்கு வரிசை சேர்ந்த தேதிப்படி, சிலவற்றில் பறந்த மணி நேரமும் சேரும். இரண்டாவது வகை திறமைக்கு மதிப்பு தருவதுபோலத் தோன்றும். ஆனால் பிள்ளை பெற்ற விமானிக்கு ஒன்றரை வருடம் மணி நேரம் ஏறாது, வரிசையில் பின்னால் போவாள். சேர்ந்த தேதி மட்டும் யாராலும் மாற்ற முடியாதது. "அந்தத் தேதிதான்பா எனக்குப் பாதுகாப்பு" என்றாள். இத்தனை வருடம் பட்டியல் எழுதியும் எனக்கு இது தோன்றியதில்லை. எங்கள் பட்டியலில் பெண்கள் அப்போது மிகக் குறைவு, அதனால் யாரும் கேட்கவுமில்லை.

2025 அக்டோபர் 26

67 வருமா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள்.

விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான அயாட்டா அதைத்தான் கேட்டது. செப்டம்பர் கடைசியில் மாண்ட்ரியலில் கூடிய ஐகாவோ மாநாடு ஏற்கவில்லை. அமெரிக்காவிலும் 2023இல் கீழவை 67க்கு ஒப்புக்கொண்டது, 2024 மே மாதம் சட்டமானபோது அந்தப் பகுதி இல்லை. ஜப்பான் 2015 முதல் 67 வரை அனுமதிக்கிறது.

ஒரு நாடு மட்டும் தனியாக 67 வைத்தால் என்ன ஆகும் என்பதை ரோஸ்டர் போட்டவனாகச் சொல்கிறேன். 65 தாண்டியவர் அந்நிய வானத்தில் பறக்க முடியாது. நீண்ட தூரம் போகும் போயிங் 777 கேப்டனுக்கு உள்நாட்டில் வேலை குறைவு. அவர் சின்ன விமானத்துக்கு இறங்க வேண்டும். சீனியாரிட்டி இருப்பதால் இறங்கும்போது அங்கே இருப்பவரைத் தள்ளிக்கொண்டுதான் இறங்குவார். தள்ளப்பட்டவர் இன்னொருவரைத் தள்ளுவார். ஒவ்வொருவருக்கும் புது சிமுலேட்டர் பயிற்சி, பயணிகளோடு பறந்து பழகும் லைன் டிரெயினிங், கடைசியில் ஒரு தேர்வு. இரண்டு வருடத்துக்காக இத்தனை பேரை இடம் மாற்றும் நிறுவனம் விமானி பற்றாக்குறையைத் தீர்த்துக்கொள்ளாது, கூட்டிக்கொள்ளும். நான் 67க்கு எதிரி இல்லை. தனியாக ஒரு நாடு செய்வதற்கு எதிரி.

2025 அக்டோபர் 28

இன்று மாடியில் துணி காயப்போடப் போனபோது எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்து ஒரு சின்ன விமானம் எழும்பியது. 2008 மே மாதம் விமான நிலையம் தேவனஹள்ளிக்கு மாறும்வரை எங்கள் தெருவில் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். போனில் பேசும்போது நடுவில் நிறுத்திவிட்டு விமானம் போனதும் தொடர்வோம். சத்தத்தை வைத்தே எந்த விமானம், இன்று அதில் யார் என்று சொல்வேன், என் ரோஸ்டர்தானே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாடியில் நின்று கை காட்டுவார்கள்.

அவர்களில் ஒருவன் இப்போது 26 வயது இளைஞன். நேற்று அவனோடு பேசினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வெறும் ஞாபகத்துக்காக இல்லை.

2025 அக்டோபர் 28, இரவு

அவன் வணிக விமானி உரிமம் வாங்கி மூன்றாவது வருடம். 200 மணி நேரம் பறந்திருக்கிறான். அப்பா வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைத்தார். இன்னும் வேலை கிடைக்கவில்லை. வேலை இல்லாவிட்டாலும் மெடிக்கலைப் புதுப்பிக்க வேண்டும், வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதிக்கு வருடா வருடம் தேர்வு கொடுக்க வேண்டும். எல்லாம் கைக்காசு. ஏதாவது ஒன்று காலாவதியானால் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள்.

அவனைப் பார்த்துவிட்டு வந்து என் கணக்கை மூன்றாவது முறை எடுத்தேன். அப்போதுதான் பிடிபட்டது. யாரும் எழாத அந்த ஐந்து வருடத்தில் வளராத நிறுவனம் எத்தனை புதுப் பேரை எடுக்கும்? ஒருவரையும் எடுக்காது. வருடத்துக்கு நான்கு, ஐந்து வருடத்தில் இருபது பேர். கேப்டனுக்கு ஐந்து வருடம் லாபம். தம்பி, உங்களுக்கும் என் மகளுக்கும் தாமதம், ஆனால் மாதச் சம்பளம் வந்துகொண்டே இருக்கிறது. அந்த இருபது பேருக்குத்தான் ஐந்து வருடம் முழுதாகப் போகிறது. பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை, அதனால் விமானிகள் சங்கம் பேசும்போது அவர்களுக்காகப் பேச ஆளில்லை. 28 வருடம் பட்டியல் எழுதிய நானும் பட்டியலில் இருப்பவர்களை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். இதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

2025 அக்டோபர் 30

"அப்படியானால் கிழவர்களை அனுப்பிவிட வேண்டுமா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லை, சார். உடம்பு நன்றாக இருக்கும் 61 வயதுக் கேப்டனை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம், அந்த அனுபவம் விலைக்கு வாங்க முடியாதது. நான் கேட்பது விதி வரும் விதத்தைப் பற்றி.

ஒரே நாளில் ஐந்து வருடம் ஏற்றாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு வயது என்று ஏற்றினால் வருடம் விட்டு வருடமாவது நான்கு பேர் எழுவார்கள், வாசலில் நிற்பவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருவார்கள். 60 தாண்டியவர்களில் விருப்பம் உள்ளவர்களைச் சிமுலேட்டர் பயிற்சியாளர்களாக அதே சம்பளத்தில் வையுங்கள். நிறுவனங்கள் எப்போதும் பயிற்சியாளர் பற்றாக்குறை என்றுதான் சொல்கின்றன. ஒப்பந்தக் கேப்டன்களின் எண்ணிக்கையையும் பட்டியலோடு சேர்த்து வெளியிடுங்கள். கோ-பைலட்டுக்கு எப்போது முறை வரும் என்று மறைக்கக்கூடாது. வெளியேற வேண்டுமென்றால் கோ-பைலட் ஆறு மாதம், கேப்டன் ஒரு வருடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2017இல் விதி வைத்தார்களே, விமானிகளிடம் அவ்வளவு கேட்கிறவர்கள் இவ்வளவாவது கொடுக்க வேண்டும்.

2025 நவம்பர் 1

டெல்லித் தம்பி தனிச் செய்தியில் தன் சீனியாரிட்டி எண்ணைச் சொல்லி, எப்போது கமாண்ட் வரும் என்று கேட்டார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன்.

ஒரு கோடு போட்ட நோட்டு எடுங்கள். உங்களுக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பிறந்த வருடத்தை எழுதி 65ஐக் கூட்டுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்களையும் மறக்காமல் எழுதுங்கள். வருடவாரியாக எத்தனை பேர் எழுகிறார்கள் என்று கூட்டுங்கள். பக்கத்தில், கையில் வந்துவிட்ட விமானங்களுக்கு மட்டும் ஜோடிகளைக் கூட்டுங்கள். அறிவிப்பில் இருப்பவற்றைச் சேர்க்காதீர்கள். மெடிக்கலில் தகுதி இழப்பவர்கள், வளைகுடாவுக்குப் போகிறவர்கள் என்று சிலர் இடையில் குறைவார்கள், அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், கணக்கிலும் எடுக்காதீர்கள். உங்களுக்கு 1,500 மணி நேரம் முடிந்து ஏ.டி.பி.எல்., அதாவது கேப்டனாவதற்கான உரிமம், எப்போது வரும் என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். முறை வரும்போது உரிமம் தயாராக இல்லாமல் பின்னால் இருப்பவருக்கு விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு.

பெயர்களை மறைத்துவிட்டுப் பிறந்த வருடங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். பென்சில் சீவி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டுத் தருகிறேன். உங்கள் நிறுவனம் இந்த வருடம் புதிதாக எத்தனை பேரை எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொல்ல வேண்டும்.